பாவித்த மெக்கானிக்கல் கீபோர்ட் பிழைவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் புது மெக்கானிக்கல் கீபோர்ட், அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உள்ள கீபோர்ட், வாங்குகிறவர்களைவிடப் பாவித்ததை வாங்குகிறவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். கொழும்பில் படிக்கிற பிள்ளை விற்றது, வெளிநாட்டிலிருந்து வந்த மாமா விட்டுப்போனது, விளம்பரத்தில் பார்த்துப் பஸ் பார்சலில் எடுப்பித்தது என்று பல வழியில் வரும். கொழுவிப் பார்த்தால் ஒரு விசை விழாது, இன்னொன்று இரண்டு தரம் விழும், சிலநேரம் விளக்கு மட்டும் எரியும். அப்படிக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று: பிழை எங்கே இருக்கிறது என்று பிடிப்பதற்கு முன் எதையும் தெளிக்காதீர்கள், ஈயம் வைக்கிற அயனைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், புதுச் சுவிட்ச் வாங்கக் காசு கொடுக்காதீர்கள். பாதிப் பேருக்கு அது தேவைப்படாது.

கொழுவினால் விளக்கெல்லாம் வடிவாக எரியுது, ஆனால் ஒரு எழுத்தும் விழவில்லை. உள்ளே இருக்கிற சர்க்கிட் போர்ட் செத்துப்போச்சா?

பெரும்பாலும் இல்லை, கேபிள்தான். போன் சார்ஜருடன் வருகிற சில மலிவான கேபிள்களுக்குள் மின்சாரத்துக்கான இரண்டு வயர் மட்டுமே இருக்கும், தரவு போகிற மற்ற இரண்டும் இருக்காது. அதைக் கொழுவினால் கீபோர்டுக்குக் கரண்ட் போகும், விளக்கு எரியும், ஆனால் கொம்பியூட்டருக்கு அப்படி ஒரு பொருள் வந்திருப்பதே தெரியாது. விற்றவர் ஒரிஜினல் கேபிளைத் தொலைத்துவிட்டு கையில் கிடைத்த ஒன்றை வைத்துக் கொடுத்திருப்பார். போனில் படங்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றப் பாவிக்கிற கேபிள் ஒன்று வீட்டில் இருந்தால் அதைக் கொழுவிப் பாருங்கள்.

யூஎஸ்பி சி வகைச் சொக்கெட் உள்ள கீபோர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு முனையும் சி ஆக இருக்கிற கேபிளில் சில கீபோர்ட்கள் எழும்பவே எழும்பாது, விளக்கும் வராது. உள்ளே வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை மலிவு கருதித் தயாரித்தவர்கள் விட்டிருப்பார்கள், அதனால் லப்டொப் பக்கம் மின்சாரத்தைத் திறந்து விடாது. ஒரு முனை பழைய தட்டையான ஏ வகையாக உள்ள கேபிளைக் கொழுவினால் அதே கீபோர்ட் உடனே வேலை செய்யும். இதைத் தெரியாமல் நல்ல போர்டை ‘செத்தது’ என்று விற்றவர்களும் இருக்கிறார்கள், அது வாங்குகிறவருக்கு நல்லது.

இரண்டும் இல்லையென்றால் கேபிள் முனையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் சொக்கெட் போர்டோடு சேருகிற இடத்தில் ஈயம் வெடித்திருக்கிறது. அது நல்ல போன் திருத்துகிறவருக்குச் சின்ன வேலை. ஒரு சொக்கெட்டைப் பலவாக்குகிற ஹப் ஒன்றின் வழியாகக் கொழுவியிருந்தால் அதையும் ஒருதரம் விலக்கி, நேரே லப்டொப்பில் கொழுவிப் பார்க்க வேண்டும். வயர்லெஸ்ஸும் உள்ள மாடல் என்றால் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், அது புளூடூத் பக்கம் தள்ளிக் கிடந்தால் கேபிளில் எழுத்து வராது.

எல்லா விசையும் விழுது, ஆனால் விண்டோஸ் விசை மட்டும் இல்லை. அம்புக்குறியை அழுத்தினால் எழுத்து வருது. இது என்ன வகைப் பிழை?

பிழையே இல்லை. முன்பு வைத்திருந்தவர் கேம் விளையாடியிருக்கிறார், அவ்வளவுதான். விளையாடும்போது தவறிப்போய் விண்டோஸ் விசை அமத்துப்பட்டு ஆட்டம் குழம்பக்கூடாது என்பதற்காக அதைப் பூட்டி வைக்கிற வசதி பல கீபோர்டில் இருக்கும். அநேகமாக எஃப்என் விசையோடு விண்டோஸ் விசையைச் சேர்த்து அழுத்தினால் பூட்டுத் திறக்கும். அம்புக்குறிகளும் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கும் இடம் மாறிக் கிடந்தால் பல மாடல்களில் எஃப்என்னோடு டபிள்யூ. மாடலுக்கு மாடல் இது வேறுபடும். கீபோர்டின் பின்னால் உள்ள மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கையேடு கிடைக்கும், அதில் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற வழியும் இருக்கும். பாவித்த கீபோர்ட் கைக்கு வந்ததும் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

கொம்பியூட்டர் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. வலதுபக்க ஷிஃப்டை 8 விநாடி விடாமல் பிடித்தால் விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். அதன் பிறகு விசையைச் சிறிது நேரம் பிடித்திருந்தால்தான் எழுத்து வரும், வேகமாகத் தட்டினால் ஒன்றும் வராது. கீபோர்ட் ‘மெதுவாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒரே ஒரு விசை மட்டும் விழவே இல்லை. சுவிட்சை மாற்ற வேண்டுமா?

மாற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: பிழை சுவிட்சோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா? இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிற மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள்.

ஹாட் ஸ்வாப் போர்ட் என்றால், அதாவது சுவிட்சைக் கையால் இழுத்துக் கழற்றக்கூடிய வகை என்றால், வேலை செய்யாத விசையின் சுவிட்சையும் பக்கத்தில் நன்றாக வேலை செய்கிற ஒன்றையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டுங்கள். பிழையும் சேர்ந்து இடம் மாறினால் சுவிட்ச் கெட்டது, புதியது ஒன்று வாங்கினால் போதும். பிழை பழைய இடத்திலேயே நின்றால் எத்தனை சுவிட்ச் வாங்கிப் போட்டாலும் சரிவராது, சொக்கெட்டிலோ போர்டிலோதான் கோளாறு. கழற்றும்போது சுவிட்சின் அடியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு செம்பு நிறக் கால்களில் ஒன்று நசிந்து மடிந்து கிடக்கும், பலதரம் அதுதான் முழுக் காரணமே. முன்பு வைத்திருந்தவர் அவசரப்பட்டு அழுத்திப் பூட்டியிருப்பார். ட்வீசரால் மெல்ல நிமிர்த்தி, நேரே பிடித்துப் பூட்டினால் விசை உயிர்த்துவிடும். ஒரே காலை இரண்டு மூன்று தரம் மடித்து நிமிர்த்தினால் முறிந்துவிடும், அதனால் ஒரேதரத்தில் கவனமாகச் செய்யுங்கள்.

சுவிட்சைக் கழற்ற முடியாத, ஈயம் வைத்த வகை என்றால் கீபோர்டைத் திறந்து போர்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு ஈயப் புள்ளிகள் தெரியும். கீபோர்டைக் கொம்பியூட்டரில் கொழுவி, வெற்று நோட்பேட் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டு புள்ளியையும் ட்வீசரின் இரண்டு முனையாலும் ஒருசேரத் தொடுங்கள். திரையில் எழுத்து விழுந்தால் போர்ட் நல்லது, சுவிட்ச்தான் கெட்டது. விழாவிட்டால் போர்ட். உள்ளே ஓடுவது 5 வோல்ட், கையில் அடிக்காது. ஆனால் கேபிள் வந்து சேருகிற சொக்கெட் பக்கம் ட்வீசரைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே தவறுதலாக ஒன்றையொன்று தொட்டால் கொம்பியூட்டரின் யூஎஸ்பி சொக்கெட்டுக்கும் சேர்த்துக் கேடு.

ஒன்றல்ல, வரிசையாக ஏழெட்டு விசை விழவில்லை.

அப்படியென்றால் சுவிட்சை விட்டுவிடுங்கள், ஏழெட்டுச் சுவிட்ச் ஒரே நாளில் சாகாது.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி வயர் மூளைச் சிப்புக்குப் போவதில்லை. கிடைவரிசை, நெடுவரிசை என்று பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், சந்திக்கிற இடத்தில் ஒரு சுவிட்சும், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற டயோடு என்ற சின்னப் பாகமும் இருக்கும். சிப் ஒவ்வொரு வரிசையாக விடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லையென்றால் அந்த வீட்டு வயரைப் பார்ப்போம், முழுத் தெருவுக்கும் இல்லையென்றால் கம்பத்தைப் பார்ப்போம், இதுவும் அப்படித்தான். செத்த விசைகளை ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். ஒரே நேர்கோட்டில், அல்லது சற்றுச் சரிந்த கோட்டில் வந்தால் அந்த வரிசையின் பாதை எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது சிப்பின் ஒரு கால் விட்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விசைக்கு அப்பால் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் அறுந்த இடம் அந்த விசைக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான். மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கிற நிலையில் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் போனால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம், அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே மெல்லிய எனாமல் வயர் ஒன்றை வைத்து ஈயம் விட்டால் வேலை முடிந்தது.

ஒரு விசை மட்டும் செத்து, ட்வீசர் சோதனையிலும் எழுத்து விழவில்லையென்றால் அந்த விசையின் டயோடைப் பாருங்கள். பெரும்பாலான போர்ட்களில் 1 என் 4148 என்ற வகை, அல்லது அதன் சின்ன வடிவம். எலக்ட்ரோனிக் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் மிகக் குறைந்த காசுக்குக் கிடைக்கும். கோடு போட்ட முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுது. தமிழில் தட்டச்சு செய்தால் பிழை கண்டபடி வருது.

பாவித்த கீபோர்டில் அதிகமாக வருகிற தொல்லை இதுதான், தமிழில் எழுதுகிறவர்களை இது மற்றவர்களைவிட அதிகமாகப் படுத்தும்.

சுவிட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போதுதான் எழுத்து விழுகிறது. தொடுகிற அந்தக் கணத்தில் தகடு ஒருமுறை தொட்டு அப்படியே நின்றுவிடாது, அதிர்ந்து சில தரம் தொட்டு விட்டுத் தொடும். நல்ல சுவிட்சில் இது சில மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும், கீபோர்டின் மென்பொருளும் அந்தச் சின்ன நேரத்தைக் கணக்கில் எடுக்காது. கியூஎம்கே என்ற திறந்த மென்பொருளில் அது வழக்கமாக 5 மில்லி விநாடி. தகட்டில் தூசியோ உப்புப் படலமோ படிந்தால் தொடுகை நிலையில்லாமல் போகும், அதிர்வு அந்த எல்லையைத் தாண்டி நீளும், அப்போது கீபோர்ட் அதை இரண்டாவது தட்டு என்று எடுத்துக்கொள்ளும். இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு அந்தப் படலத்தைத் தானாக எரித்து விலக்குகிற சக்தி கிடையாது, அதனால் விட்டால் சரியாகிவிடும் என்று இருக்க முடியாது.

இப்போது தமிழ் 99 என்ற தட்டச்சு முறையில் எழுதுகிறவரை எடுத்துக்கொள்வோம். அந்த முறையில் ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். எச் விசையில் க இருக்கிறது. அது இரட்டித்தால் ‘மகள்’ என்று எழுதப்போனவர் ‘மக்கள்’ என்று எழுதிவிடுவார். ஓ விசையில் ட. ‘படம்’ ‘பட்டம்’ ஆகும், ‘எடு’ ‘எட்டு’ ஆகும். எல்லாமே சரியான தமிழ்ச் சொற்கள், அதனால் எழுத்துப்பிழை திருத்தி ஒன்றும் சொல்லாது, வாசிக்கிறவருக்குத்தான் விளங்காது. விண்ணப்பம், கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. பாமினி என்ற இன்னொரு தட்டச்சு முறையில் எழுதினால் புள்ளி தானாக விழாது, ‘மககள்’ என்று கண்ணுக்கு உடனே தெரியும்படி கெடும், அந்த வகையில் பாமினிக்காரர்கள் தப்பினார்கள்.

என்ன செய்யலாம்? கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த விசையின் கீகேப்பை, அதாவது விரல் படுகிற மேல்மூடியை, எடுத்து, சுவிட்சின் நடுத்தண்டை அமத்திப் பிடித்துக்கொண்டு 99 வீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒன்றிரண்டு துளி மட்டும் ஓரமாக விடுங்கள். பிறகு ஓர் ஐம்பது அறுபது தரம் வேகமாக அழுத்தி விடுங்கள், ஒருமணி நேரமாவது காய விடுங்கள். பல தரம் இதிலேயே தீர்ந்துவிடும். சில வாரத்தில் திரும்ப வந்தால் அந்தச் சுவிட்சை மாற்றுவதுதான் நிரந்தர வழி. கீபோர்டின் மென்பொருளில் அந்த நேர எல்லையைக் கூட்ட வசதி இருந்தால் 10 மில்லி விநாடிக்குக் கூட்டிப் பாருங்கள், கை அதை உணராது. ஆனால் விண்டோஸின் ஃபில்டர் கீஸில் இரட்டைத் தட்டைப் புறக்கணிக்கிற வசதி ஒன்று இருக்கிறதே, அதைத் தமிழ் 99க்குப் பாவிக்காதீர்கள். அதன் நேர அளவு மிகப் பெரிது, உண்மையாகவே ‘க்க’ வேண்டும் என்று வேகமாக இரண்டு தரம் தட்டினாலும் ஒன்றை விழுங்கிவிடும்.

திருகோணமலையில் கீபோர்ட் கெதியாகக் கெடுகிறது என்று சொல்வது உண்மையா?

கடலோரம் எங்கேயும் அப்படித்தான். எங்கள் நகரம் ஒரு பக்கம் டச்சு விரிகுடாவும் மறுபக்கம் உள்துறைமுகமுமாகக் கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. நகரத்துக்குள் எந்த வீட்டுக்கும் கடல் தூரமில்லை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சொல்லவே வேண்டாம். காற்றில் வருகிற உப்பு கீபோர்டின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரியில், கார்த்திகை மார்கழி மாதங்களில், வீட்டுக்குள்ளேயே எல்லாம் பிசுபிசுக்கும்போது அந்த உப்பு ஈரமாகி செம்பைத் தின்னத் தொடங்கும். சுவிட்சின் கால்களிலும் ஈயப் புள்ளிகளின் ஓரத்திலும் பச்சையாகக் களிம்பு தெரிந்தால் அதுதான்.

திருக்கடலூரிலிருந்து வந்த ஒரு கீபோர்டைத் திறந்தபோது இதை மிகத் தெளிவாகப் பார்த்தேன். மேசை கடல் பக்கத்து ஜன்னலோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. இடதுபக்கம் புதிது போலச் சுத்தம். ஜன்னல் பக்கம் இருந்த வலது ஓரத்தில், என்டர் விசையைச் சுற்றி, இரும்புத் தகட்டின் கறுப்புப் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது, நகத்தால் தொட்டால் உதிர்ந்து உள்ளே செந்துரு. அந்த இடத்துச் சுவிட்சை இழுத்தால் காலில் பச்சைப் பொடி, சொக்கெட்டுக்குள் இருக்க வேண்டிய மினுக்கம் இல்லை. ஒரே கீபோர்டில், ஒரு கையகல தூரத்தில் இவ்வளவு வித்தியாசம்.

இதனால்தான் சுவிட்ச் எத்தனை கோடித் தட்டுத் தாங்கும் என்ற கணக்கை நான் பெரிதாக எடுப்பதில்லை. செரி நிறுவனம் தன் சிவப்புச் சுவிட்சுக்கு 10 கோடி என்று சொல்கிறது, அது உண்மையாகவே இருக்கட்டும், எங்கள் ஊரில் சுவிட்சைக் கொல்வது விரல் அல்ல, காற்று. பாவிக்காத நேரம் மேலே ஒரு துணியைப் போட்டு மூடுங்கள், ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், மாரி தொடங்க முன் ஒருதரம் கீகேப்களைக் கழற்றித் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று: யாரும் தொடாமலேயே எழுத்து விழுகிறதென்றால் போர்டின் மேல் படிந்த ஈர உப்பின் வழியாக ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கசிகிறது. மழை நாளில் வந்து வெயில் நாளில் போகிற பிழை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். போர்டைக் கழற்றி, ஆல்கஹாலும் பழைய மென்மையான பல் தூரிகையும் கொண்டு தேய்த்துக் காய வைத்தால் போகும்.

வீட்டில் டபிள்யூடி 40 இருக்கு, அதை அடிக்கலாமா? சானிடைசர்? பெற்றோல்?

மூன்றும் வேண்டாம். சாதாரண நீல டப்பா டபிள்யூடி 40 எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், இரண்டு நாளைக்கு நன்றாக வேலை செய்கிற மாதிரி இருக்கும், பிறகு தூசியெல்லாம் அதில் ஒட்டி முன்பைவிட மோசமாகும். சானிடைசரில் பசைத்தன்மைக்குச் சேர்த்தவை காயாமல் உள்ளேயே நின்றுவிடும். பெற்றோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற திரவம் எல்லாம் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், கீகேப்பின் எழுத்தும் போகும். பாமசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், லேபிளை வாசிக்காமல் வாங்காதீர்கள். போன் திருத்துகிற கடைகள் பாவிக்கிற 99 வீத ஐசோபுரோப்பைல்தான் சரியான சாமான், கேட்டால் சின்னப் போத்தலில் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தீப்பிடிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

தேத்தண்ணி கொட்டுப்பட்ட கீபோர்ட் ஒன்றை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

வெறும் தேத்தண்ணியா, சீனி போட்டதா, பால் விட்டதா என்று கேளுங்கள். சீனிதான் எதிரி. காய்ந்தால் சுவிட்சுக்குள் பாகாக ஒட்டி, அமத்தின விசை மேலே வராது. ஹாட் ஸ்வாப் போர்ட் என்றால் வாங்கலாம், சுவிட்ச் எல்லாம் கழற்றி போர்டை ஆல்கஹாலால் கழுவி எடுத்துவிடலாம். ஈயம் வைத்த போர்ட், பால் தேத்தண்ணி, கொட்டி மாதக்கணக்கு என்றால் நான் வாங்க மாட்டேன்.

சுவிட்ச் மாற்றுவதற்கு வேறு சுவிட்ச் வாங்கினேன், உள்ளே போக மறுக்குது.

இரண்டு காரணம் இருக்கலாம். சுவிட்சுகளில் மூன்று கால், ஐந்து கால் என்று இரண்டு வகை உண்டு. ஐந்தில் இரண்டு, நேராகப் பிடித்து நிற்பதற்காக வைத்த பிளாஸ்டிக் முளைகள், அவற்றுக்குத் துளையில்லாத போர்டில் உள்ளே போகாது. நகவெட்டியால் அந்த இரண்டு பிளாஸ்டிக்கையும் வெட்டிவிட்டால் மூன்று கால் சுவிட்சாகிவிடும், எந்தக் கெடுதலும் இல்லை. மற்றது சொக்கெட். மலிவுக் கீபோர்ட் சிலவற்றில் ஒட்டேமு என்ற நிறுவனத்துச் சுவிட்சின் மெல்லிய காலுக்கு மட்டும் பொருந்துகிற ஒடுங்கிய சொக்கெட் இருக்கும், கேட்டரோன், செரி போன்றவற்றின் தடித்த கால் அதில் போகாது. பலவந்தமாகத் தள்ளினால் சொக்கெட் விரிந்து பிறகு எதுவுமே பிடிக்காது. அந்தப் போர்டுக்கு ஒட்டேமுவே வாங்குங்கள்.

பூட்டும்போது போர்டின் அடியில் ஒரு விரலை முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் சுவிட்சைத் தள்ளுகிற வேகத்தில் சொக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும், ஈயப் பட்டையும் கூடவே கிழிந்து வரும், அதைத் திருத்துவது நுணுக்கமான வேலை.

ஈயம் வைத்த சுவிட்சை நானே மாற்றலாமா?

அயன் பிடித்துப் பழக்கமிருந்தால் ஒன்றிரண்டு சுவிட்ச் மாற்றுவது பெரிய காரியமில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சுகிற பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய புள்ளி உருக மறுத்தால் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கிப் பிறகு உறிஞ்சுங்கள். சுவிட்ச் தானாகக் கழன்று வருகிற நிலை வரும்வரை இழுக்கவே கூடாது. பழக்கமில்லாதவர் முதல் முதல் தொடுகிற போர்ட் இதுவாக இருக்க வேண்டாம், பழுதான ரேடியோப் போர்ட் ஒன்றில் பழகிவிட்டு வாருங்கள். போன் கடையில் கொடுப்பதென்றால் எந்தச் சுவிட்ச் என்று மார்க்கரால் அடியில் வட்டம் போட்டுக் கொடுங்கள்.

ஸ்பேஸ் விசை ஒரு பக்கம் அமத்தினால் சரி, மறுபக்கம் அமத்தினால் மேலே வரவில்லை.

சுவிட்ச் நல்லது. அடியில் உள்ள கம்பி, ஸ்டெபிலைசர் என்பது, ஒருபக்கம் கழன்று கிடக்கும் அல்லது வளைந்திருக்கும். கீகேப்பை நேராகத் தூக்கி எடுத்து, கம்பியை மேசைமேல் வைத்துத் தட்டையாக இருக்கிறதா பாருங்கள், வளைந்த பக்கத்தைக் கையால் நிமிர்த்திப் பூட்டுங்கள்.

ஒரு விசையின் கீழ் விளக்கு எரியவில்லை, அதுவும் கெடப்போகுதா?

இல்லை. விளக்குக்கும் எழுத்துக்கும் பாதை வேறு.

விசையில் ஜப்பான் எழுத்து இருக்கு, ஸ்பேஸ் மிகச் சின்னது, @ குறி வேறிடத்தில் இருக்கு. பிழையான சாமானா?

ஜப்பானில் பாவித்துவிட்டு வந்த கீபோர்ட். அங்கே ஸ்பேஸின் இருபக்கமும் மொழி மாற்றுவதற்கென்று கூடுதல் விசைகள் இருக்கும், எங்கள் கொம்பியூட்டரில் அவற்றுக்கு வேலை இல்லாததால் செத்தது போலத் தெரியும். குறிகள் சில அச்சில் ஒன்று, திரையில் இன்னொன்று வரும். தமிழ் முறைகள் விசை இருக்கிற இடத்தைத்தான் பார்க்கும், அச்சடித்ததைப் பார்க்காது, அதனால் பார்க்காமல் தட்டுகிறவருக்குப் பெரிய தொல்லை இல்லை. ஜப்பானில் அநேகமாக நல்ல சுத்தமாகப் பாவித்திருப்பார்கள், ஸ்பேஸ் சின்னது என்பதைக் கை ஏற்றுக்கொண்டால் வாங்குங்கள்.

வாங்கப் போகிற இடத்திலேயே எப்படிச் சோதிப்பது? லப்டொப் தூக்கிக்கொண்டு போக முடியாது.

போன் போதும். போனில் கீபோர்டைக் கொழுவ உதவுகிற ஓடிஜி இணைப்பு ஒன்றும் தரவு போகிற நல்ல கேபிளும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். “தம்பி, என்ர போனில ஒருக்கா கொழுவிப் பாக்கட்டா?” என்று கேட்டால் ஒளிக்க ஒன்றுமில்லாதவர் மறுக்கமாட்டார். விளக்குகளின் ஒளியைக் குறைத்துவிடுங்கள், சில போன் அவ்வளவு மின்சாரம் கொடுக்காது. பிறகு குறிப்பு எழுதுகிற செயலியைத் திறந்து ஒவ்வொரு விசையையும் பத்துத் தரமாவது, மெல்லவும் வேகமாகவும் தட்டுங்கள். ஒருதரம் தட்டிப் பார்த்தால் இரட்டிக்கிற பிழை ஒளிந்துகொள்ளும்.

ஆங்கில எழுத்து இருபத்தாறையும் மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். தமிழ் 99 இல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் நிற்பது அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகளில். பாமினியில் புள்ளி வைப்பதே அரைப்புள்ளி விசைதான், தமிழில் அதிகம் தட்டுப்படுகிற விசைகளில் அது ஒன்று. விற்றவர் ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர் என்றால் அந்த விசை செத்தது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நான்கைந்து கீகேப்பைக் கழற்றிப் பார்க்கவும் கேளுங்கள், முக்கியமாக ஓரத்தில் உள்ளவற்றை. முடி, தூசி பிரச்சினையில்லை. தகட்டில் துரு, சுவிட்சின் ஓரத்தில் பச்சை, பாகு போன்ற மினுக்கம் இருந்தால் விலையைக் குறைத்துக் கதையுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பார்சலில் எடுப்பிப்பதென்றால் எல்லா விசையும் தட்டுகிற வீடியோ ஒன்றைத் திரையும் சேர்ந்து தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள்.

வயர்லெஸ் கீபோர்ட், அடிப்பக்கம் கொஞ்சம் வீங்கியிருக்கு. பாவிக்கலாமா?

பாவிக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். உள்ளே லித்தியம் பற்றரி ஊதியிருக்கிறது. குத்தாமல், மடிக்காமல் கழற்றி எடுக்க வேண்டும், கைப்பழக்கம் இல்லையென்றால் போன் பற்றரி மாற்றுகிறவரிடம் கொடுங்கள். பற்றரி இல்லாமலும் பல கீபோர்ட் கேபிளில் வேலை செய்யும்.

எல்லாம் பார்த்தாச்சு, சிப்பே செத்துவிட்டது என்கிறார்கள். எறியவா?

எறியாதீர்கள். கீகேப், ஸ்டெபிலைசர், கேபிள், சுவிட்ச் எல்லாம் இன்னொரு கீபோர்டுக்கு உயிர் கொடுக்கும். முக்கியமாக இன்சேர்ட், பிரிண்ட் ஸ்கிரீன், பாஸ் மாதிரி யாரும் தொடாத விசைகளின் சுவிட்சுகள் கிட்டத்தட்டப் புதிது, அவற்றைக் கழற்றி ஒரு மூடிய டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சிப் பக்கெட் ஒன்றோடு போட்டு வையுங்கள். கழற்றின சுவிட்ச் எந்த வகை, என்ன நிறத் தண்டு என்று டப்பாவின்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள், வேறு வகையோடு கலந்தால் பிறகு கைக்கு வித்தியாசம் தெரியும்.